தொட்டால் பேசும் சுவரொட்டி: முகவரி யார் கையில்?

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மின் உபகரணக் கடை நடத்தும் எனது சகோதரியின் மகன் கடந்த மாதம் ஒரு கோப்புடன் வீட்டுக்கு வந்தார். விளம்பர நிறுவனமொன்றின் பிரதிநிதி கொடுத்துவிட்டுப் போன ஒப்பந்தப் பத்திரம் அதற்குள் இருந்தது. “மாமா, போன இதுல தொட்டாப் போதுமாம். கடைட வீடியோ, சாமான்ட விலை, வாற வழி எல்லாம் போன்லயே வருமாம். இதச் செய்யுறதா, வாணாமா?” என்று கேட்டார். ஐம்பது சுவரொட்டிகள், மாதாந்தக் கட்டணம், இரண்டு வருட ஒப்பந்தம். நோன்புக்கு முன்னர் கையொப்பமிட்டால் விசேட கழிவும் உண்டாம்.

இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதல்ல. பெரிய நிறுவனங்கள் செய்த விளம்பர முறைகள் இப்போது சிறு வர்த்தகர்களின் கடை வாசலுக்கும் வந்து கதவைத் தட்டுகின்றன. எனவே அவருக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகின்றேன்.

முதலில் இந்தச் சுவரொட்டி எப்படிப் பேசுகின்றது என்பதைப் பார்ப்போம். கடதாசிக்குப் பின்னால் நாணயக் குற்றி அளவிலான ஒரு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கும். அதற்குள் மெல்லிய கம்பிச் சுருளும் கடுகளவு சிப் ஒன்றும் இருக்கும். பற்றரி இல்லை, மின்சாரமும் வேண்டியதில்லை. என்.எப்.சி. வசதியுள்ள கையடக்கத் தொலைபேசியை அருகில் கொண்டு சென்றதும், தொலைபேசியிலிருந்து வரும் காந்தப் புலமே அந்தச் சுருளில் மின்சாரத்தை உண்டாக்கி சிப்பை எழுப்பிவிடும். எழும்பிய சிப் தன்னிடம் உள்ளதைச் சொல்லிவிட்டு மீண்டும் உறங்கிவிடும். இது நடப்பது 13.56 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில். தூரம் ஏறத்தாழ நான்கு சென்ரிமீற்றர்தான். சுப்பர் மார்க்கட்டில் நீங்கள் வங்கி அட்டையைத் தட்டிப் பணம் செலுத்துவதும் இதே அடிப்படையில்தான்.

“வீடியோ எல்லாம் போஸ்டருக்குள்ளேயே இருக்கிறது” என்று அந்தப் பிரதிநிதி எனது மருமகனிடம் சொல்லியிருக்கிறார். இது தவறு. அறியாமையில் சொன்னாரா, விற்பனைக்காகச் சொன்னாரா என்று நான் ஆராயப் போவதில்லை. ஆனால் முழு விடயமும் இந்த ஒரு வசனத்தில்தான் தங்கியிருக்கிறது. பரவலாகப் பாவிக்கப்படும் என்டெக் 213 என்ற சிப்பில் எழுதக்கூடிய இடம் 144 பைட் மட்டுமே. தமிழ் எழுத்துகள் கணினியில் அதிக இடம் பிடிப்பவை. “கொழும்பு” என்ற ஒரு சொல்லுக்கு 24 பைட் தேவை. ஆக, அந்தச் சிப்பில் கொழும்பு என்று கூடிப்போனால் ஆறு தடவை எழுதலாம், ஏழாவது தடவைக்கு இடம் போதாது. இதற்குள் வீடியோ எப்படி இருக்கும்? இருந்தாலும்கூட, என்.எப்.சி. முறையின் வழமையான உச்ச வேகம் வினாடிக்கு 424 கிலோபிட். 20 மெகாபைட் அளவிலான ஒரு சிறிய படத்தை அவ்வழியே எடுப்பதென்றால் வாடிக்கையாளர் ஆறு நிமிடங்களுக்கு மேல் தொலைபேசியைச் சுவரில் அழுத்திப் பிடித்துக் கொண்டு நிற்க வேண்டும்.

உண்மையில் சிப்பில் இருப்பது ஓர் இணைய முகவரி மட்டுமே. படம், விலை, வரைபடம் எல்லாம் எங்கோ ஒரு கணினியில் இருக்கின்றன. தொலைபேசி அந்த முகவரியைப் படித்து, வாடிக்கையாளரின் சொந்த டேட்டாவில் அந்தப் பக்கத்தைத் திறக்கின்றது. சுவரொட்டி வெறும் வாசற்படிதான். வீடு வேறிடத்தில் இருக்கிறது. அந்த வீட்டின் உறுதி யார் பெயரில் இருக்கிறது என்பதற்குப் பின்னர் வருகின்றேன்.

இது புதிய கண்டுபிடிப்பு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நொக்கியா, பிலிப்ஸ், சொனி ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து என்.எப்.சி. மன்றத்தை ஆரம்பித்தது 2004 இல். “ஸ்மார்ட் போஸ்டர்” என்ற பெயரிலேயே ஒரு தரநிலையை அம்மன்றம் 2006 இல் வெளியிட்டது. ஒரே சிப்பில் ஒரு முகவரியையும், அதன் தலைப்பைப் பல மொழிகளிலும் எழுதி வைக்க அதில் ஏற்பாடு இருந்தது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்றிலும் பெயர்ப்பலகை எழுதும் எமக்குப் பொருத்தமான யோசனைதான், யோசித்தவர்கள் எம்மை நினைத்திருக்க மாட்டார்கள் என்றாலும். 2010 மே மாதத்தில் பிரான்ஸின் நீஸ் நகரில் பேருந்து, ட்ராம் தரிப்பிடங்களில் இத்தகைய ஸ்டிக்கர்கள் ஒட்டப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் கடைகளின் கண்ணாடி ஜன்னல்களுக்கு கூகுள் நிறுவனம் இவற்றை விநியோகித்தது. 2011 இல் லண்டன் நூதனசாலையில் நொக்கியாவின் துணையோடு காட்சிப் பொருட்களுக்கு அருகே வைத்தார்கள்.

இவ்வளவு பெரிய கைகள் தூக்கியும் அந்நாட்களில் இது எழும்பவில்லை. காரணம் தொழில்நுட்பக் கோளாறு அல்ல. தொடுவதற்கு மக்களிடம் தொலைபேசி இருக்கவில்லை. அப்பிள் நிறுவனம் 2014 இல் ஐபோன் 6 இல் இந்தச் சிப்பை வைத்தபோதும் பணம் செலுத்த மட்டுமே அதைத் திறந்துவிட்டது. ஸ்டிக்கர் படிக்க 2017 இல் அனுமதித்தது, அதுவும் தனியான செயலி ஒன்றின் ஊடாக. செயலி எதுவுமில்லாமல் தொட்டவுடன் படிக்கும் வசதி 2018 இல் வந்த எக்ஸ்.எஸ்., எக்ஸ்.ஆர். ரகங்களிலிருந்துதான். இடையில் புகுந்து வெற்றி பெற்றது கியூ.ஆர். குறியீடு. ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் வாகன உதிரிப்பாகங்களைக் கணக்கு வைக்க 1994 இல் உருவாக்கிய கறுப்பு வெள்ளைச் சதுரம் அது. அதற்குச் சிப் வேண்டாம், கமெரா இருந்தால் போதும்.

எமது நாட்டில் கியூ.ஆர். என்பதை யாரும் விளம்பரம் செய்து படிப்பிக்கவில்லை. 2022 இல் பெற்றோல் வரிசை படிப்பித்தது. முச்சக்கர வண்டிச் சாரதி முதல் மீன் வியாபாரி வரை அனைவரும் அந்தச் சதுரத்தைத் தொலைபேசியில் வைத்துக் கொண்டும், கடதாசியில் அச்சிட்டு லெமினேட் பண்ணிக் கொண்டும் எரிபொருள் நிலையங்களில் நின்றோம். கசப்பான பாடசாலைதான், ஆனாலும் ஒரு நாடே அதில் தேறியது. மத்திய வங்கி 2018 இல் கொண்டு வந்த லங்கா கியூ.ஆர். தரநிலையின் ஸ்டிக்கர்களும் கடை மேசைகளில் இருக்கின்றன. ஆகவே, புதிதாக ஒன்றைச் செய்ய முன்னர், மக்களுக்குப் பழகிப் போன ஒன்று கைவசம் இருப்பதை வர்த்தகர்கள் மறக்கக் கூடாது. அதை உருவாக்கச் செலவும் இல்லை. குறைந்த விலைத் தொலைபேசிகள் பலவற்றில் என்.எப்.சி. இல்லை. இருக்கும் தொலைபேசிகள் சிலவற்றிலும் அது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். தொடும் ஸ்டிக்கர் வைப்பவர் பக்கத்தில் கியூ.ஆர். குறியீட்டையும் அச்சிடாவிட்டால், வந்த வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினரை வாசலிலேயே திருப்பி அனுப்புகின்றார்.

அப்படியானால் தொடும் சுவரொட்டியால் பயனே இல்லையா? இருக்கிறது. ஆனால் இடம் பார்க்க வேண்டும். எனது மருமகனுக்குக் கொடுத்த திட்டத்தில் ஐம்பது சுவரொட்டிகளில் பெரும்பாலானவை வீதியோர மதில்களுக்கும் மின்கம்பங்களுக்கும் உரியவை. நான்கு சென்ரிமீற்றர் தூரத்தில் படிக்கும் ஒன்றை, நாட்டாமைகளும் வண்டில்களும் நெரிக்கும் பிரதான வீதியில், மழையில் ஊறிய மதிலில் ஒட்டி யார் வந்து தொடுவார்? 2011 இல் தென் கொரியாவின் சியோல் நகரில் டெஸ்கோவின் ஹோம் பிளஸ் நிறுவனம் சுரங்க ரயில் நிலையச் சுவரில் கடை இறாக்கைகளைப் போலவே படங்களை ஒட்டி, ஒவ்வொரு பொருளின் கீழும் கியூ.ஆர். குறியீட்டை வைத்தது. ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் படம் பிடித்து ஓடர் கொடுத்தார்கள், சாமான் வீட்டுக்குப் போனது. உலகமே அதைப் பற்றிப் பேசியது. அங்கே கெட்டித்தனம் குறியீட்டில் இல்லை. வேலையில்லாமல் ஐந்து நிமிடம் நிற்கும் மனிதருக்கு முன்னால் அதை வைத்ததில்தான் இருந்தது.

எமது கடைகளிலும் மனிதர்கள் நிற்கும் இடங்கள் இருக்கின்றன. பில் போடும் வரை நிற்கும் காசு மேசை. மருந்துக்கு நம்பர் எடுத்துக் காத்திருக்கும் பாமசி வாங்கு. சாப்பாடு வரும் வரை ஹோட்டல் மேசை. துணி வெட்டும் வரை புடவைக் கடைக் கதிரை. இங்கே, கைக்கெட்டும் தூரத்தில், தொடும் ஸ்டிக்கர் கியூ.ஆரை விட இலகுவானது. கமெராவைத் திறக்க வேண்டியதில்லை, வெளிச்சம் தேவையில்லை, கண்பார்வை குறைந்த பெரியவர்களும் தொட்டுவிடலாம். கண்ணாடிக்கு ஊடாகவும் இது வேலை செய்யும். ஆகவே ஷோகேஸின் உட்பக்கத்தில் ஒட்டினால் மழையும் படாது, பிள்ளைகள் கிழிக்கவும் மாட்டார்கள். ஆனால் இரும்பில் ஒட்டினால் செத்துவிடும். ரோலர் கதவு, குளிர்சாதனப் பெட்டியின் உடல், தகரப் பெயர்ப்பலகை எதிலும் சாதாரண ஸ்டிக்கர் வேலை செய்யாது. உலோகம் அந்தக் காந்தப் புலத்தைக் கெடுத்துவிடும். அதற்கென்று பின்புறம் பெரைட் படலம் வைத்த ஸ்டிக்கர்கள் தனியாக விற்பனைக்கு உண்டு. எனது மருமகனின் கடை முகப்பில் பாதி தகரம். இதை அந்தப் பிரதிநிதி கேட்கவே இல்லை என்பதிலிருந்து அவருடைய அனுபவத்தைக் கணக்கிட்டுக் கொள்ளுங்கள். இன்னொரு சிறிய விடயம்: ஐபோனுக்குப் படிக்கும் பகுதி மேல் விளிம்பில், ஏனைய பலவற்றுக்குப் பின்புற நடுவில். “இங்கே தொடவும்” என்று ஒரு படம் வரையாவிட்டால் மக்கள் திரையைத்தான் வைத்துத் தேய்ப்பார்கள்.

இனி, தொட்ட பிறகு என்ன வருகின்றது? இதில்தான் எனக்கு வர்த்தகர்கள் மீது கோபம்.

கடந்த வருடம் நோன்பு காலத்தில் கொழும்பில் ஒரு புடவைக் கடையின் சுவரொட்டியைக் கண்டேன். 50 சதவீதம் வரை கழிவு, விபரங்களுக்கு ஸ்கேன் செய்யுங்கள் என்றிருந்தது. செய்தேன். விபரம் வரவில்லை. எனது பெயர், தொலைபேசி இலக்கம், தேசிய அடையாள அட்டை இலக்கம் மூன்றையும் கேட்டு ஒரு படிவம் வந்தது. அவசரத்தில் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்தேன், அடையாள அட்டைக்கு ஏதோ ஒன்றை அடித்துவிட்டேன். அதன் பின்னர் வந்ததோ கடையின் புகைப்படமும் “நிபந்தனைகளுக்கு உட்பட்டது” என்ற வசனமும்தான். எந்தத் துணிக்கு எவ்வளவு கழிவு என்று ஒரு வரிகூட இல்லை. தராவீஹ் நேரத்திலும் குறுந்தகவல் வரத் தொடங்கியது. பெருநாள் முடிந்து மூன்று மாதமாகியும் நிற்கவில்லை. அந்தக் கடைக்கு நான் இன்னும் போகவில்லை.

கடதாசிச் சுவரொட்டியில் இடம் போதாது என்பதால் பெரிதாகக் கழிவையும் சிறிதாக நிபந்தனையையும் எழுதுகிறோம் என்று வர்த்தகர்கள் இதுவரை சொல்லி வந்தார்கள். தொட்டுத் திறக்கும் பக்கத்தில் இடத்துக்கு எல்லையே இல்லை. அங்கேயும் மறைத்தால் என்ன சமாதானம் சொல்வது? சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் பட்ட சம்பவத்தை எமது பள்ளிவாசல் மிம்பர்களில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை மேலே, ஆட்கள் பார்க்கும்படி வைத்திருக்கக் கூடாதா என்பதே அவரிடம் கேட்கப்பட்டது. ஒரு குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கரைத் தொட்டால் அதன் விலை, உத்தரவாதம் எத்தனை மாதம், அந்த உத்தரவாதம் யாருடையது, கொம்பிரசருக்கு மட்டுமா முழுப் பொருளுக்குமா, பழுதானால் எங்கே கொண்டு போவது, காட்சிக்கு வைத்ததில் கீறல் இருக்கிறதா என்பதெல்லாம் மூன்று மொழிகளிலும் வரட்டும். அதுதான் நனைந்ததை மேலே வைப்பது. அப்படிச் செய்யும் கடைக்காரருக்கு நடிகரை வைத்து எடுத்த வீடியோ தேவைப்படாது. வாங்குபவர் வீட்டில் மனைவிக்குக் காட்டி முடிவெடுக்க அந்தப் பக்கம் அவருடைய தொலைபேசியில் கிடக்கும்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் விலையைக் காட்சிப்படுத்துமாறு வர்த்தகர்களைக் கேட்கின்றது. தொலைபேசிக்குள் விலையை வைத்துவிட்டு இறாக்கையில் இருந்த விலைப் பட்டியலைக் கழற்றிவிடாதீர்கள். தொலைபேசி இல்லாத வாடிக்கையாளரும் வாடிக்கையாளர்தான். அதேபோல் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. எந்த நோக்கத்துக்காக ஒரு விபரம் பெறப்பட்டதோ அதற்கு வேண்டியதை மட்டும் பெற வேண்டும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. சாரியின் விலை சொல்ல அடையாள அட்டை இலக்கம் எதற்கு?

பேருவளை சீனன்கோட்டையில் மாணிக்க வியாபாரம் செய்யும் நண்பரொருவர், கல் வைக்கும் பெட்டியில் ஸ்டிக்கர் ஒட்டி ஆய்வுகூட அறிக்கையைக் காட்டலாமே என்று யோசித்தார். நல்ல யோசனைதான். ஆனால் ஸ்டிக்கர் விற்பவருடைய சொந்தப் பக்கத்தைத் திறந்து அதில் அறிக்கையின் படத்தைக் காட்டினால் அதற்கு ஒரு பெறுமதியும் கிடையாது, யாரும் எந்தப் படத்தையும் போடலாம். அறிக்கை இலக்கத்தைக் காட்டி, ஆய்வுகூடத்தின் சொந்தத் தளத்தில் சரிபார்த்துக் கொள்ளுங்கள் என்று வழிவிட வேண்டும். ஹோட்டல்காரர்கள் ஹலால் சான்றிதழைக் காட்டுவதாக இருந்தாலும் இதே கதைதான்.

இப்போது வீட்டின் உறுதிக்கு வருவோம். எனது மருமகனின் ஒப்பந்தத்தில் சுவரொட்டிகளில் எழுதப்படும் முகவரி அந்த விளம்பர நிறுவனத்துக்குச் சொந்தமானது. பக்கங்களும் அவர்களுடைய கணினியில். மாதக் கட்டணம் நின்றால் பக்கங்களும் நிற்கும். பார்வையாளர்கள் பற்றிய விபரங்களும் அவர்களுடையவை, அவற்றை வேறெவருக்கும் கொடுக்கக் கூடாதென்று ஒரு வரியும் இல்லை. அதாவது, இவருடைய கடையில் தொட்டவரின் விபரத்தை எதிர்க் கடைக்காரருக்கு விற்பதற்கும் தடையில்லை. கிழக்கில் எனக்குத் தெரிந்த ஒரு தளபாடக் கடைக்காரருக்கு இதுவே நடந்தது. பெயர்ப்பலகை, பை, விலைச்சீட்டு எல்லாவற்றிலும் முகவர் கொடுத்த முகவரியை அச்சிட்டார். ஒன்றரை வருடத்தில் முகவர் தொழிலை மூடிவிட்டார். அச்சிட்ட பைகள் முடியும் வரை அந்தக் கடையின் குறியீட்டைப் படித்தவர்களுக்கு வந்தது வெற்றுப் பக்கம். கடையும் மூடிவிட்டது போலும் என்று சிலர் நினைத்து வேறிடம் போயிருக்கிறார்கள்.

கடை அறையை வாடகைக்கு எடுத்தால் உறுதி பார்க்கிறோம், சாட்சி வைக்கிறோம், சட்டத்தரணிக்குக் காசு கொடுக்கிறோம். இணைய முகவரியை மட்டும் வழியில் வந்தவர் பெயரில் எழுதிவிடுகிறோம். சொந்தப் பெயரில் ஓர் .எல்.கே. முகவரியைப் பதிவு செய்துகொள்வது பெரிய காரியமல்ல. தமிழிலேயே முடியும் .இலங்கை முகவரியும் 2010 முதல் உண்டு, நாம்தான் பாவிப்பதில்லை. ஸ்டிக்கரில் அந்தச் சொந்த முகவரி மட்டும் இருக்கட்டும். அதற்குப் பின்னால் இன்று ஒரு பக்கம், நாளை வேறொரு பக்கம், இன்று ஒரு முகவர், நாளை இன்னொருவர் என்று மாற்றிக் கொள்ளலாம். ஸ்டிக்கரைத் தொட வேண்டியதில்லை.

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. பூட்டப்படாத சிப்பை எவரும் தமது தொலைபேசியிலுள்ள இலவசச் செயலியால் அழித்து வேறு முகவரியை எழுதிவிடலாம். உங்கள் கடை ஸ்டிக்கரைத் தொட்டவருக்கு எது திறக்கும் என்பது பிறகு குறும்பு செய்தவரின் கையில். ஆகவே சிப்பைப் பூட்ட வேண்டும். ஆனால் நிரந்தரமாகப் பூட்டினால் பின்னர் நீங்களும் மாற்ற முடியாது. சொந்த முகவரி எழுதியிருந்தால் மட்டுமே பயமின்றிப் பூட்டலாம். கியூ.ஆருக்குப் பூட்டு இல்லை, மேலே வேறொன்றை ஒட்டிவிடுவார்கள். வெளிநாடுகளில் வாகனத் தரிப்பிடங்களில் இப்படி ஒட்டிப் பணம் பறித்த சம்பவங்கள் பல நடந்திருக்கின்றன. காலையில் கடை திறக்கும்போது பூட்டைப் பார்ப்பது போல, பணம் பெறும் ஸ்டிக்கரையும் ஒருமுறை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லி வேலைக்கிருக்கும் தம்பிமாருக்குப் பழக்குங்கள். வாடிக்கையாளர் செலுத்தும் முன்னர் தொலைபேசியில் கடைப் பெயர் சரியாக வருகின்றதா என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

எனது மருமகனிடம் ஐம்பது சுவரொட்டிகள் வேண்டாம் என்று சொன்னேன். கடைக்குள் ஆறு ஸ்டிக்கர்கள், பக்கத்தில் கியூ.ஆர்., சொந்த முகவரி, அதிகம் விற்கும் பத்துப் பொருட்களுக்கு உண்மையான விபரம். இதைப் பக்கத்து வீட்டில் கணினி படிக்கும் பிள்ளை ஒரு வாரத்தில் செய்து தருவார், அவருக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கவும் சொன்னேன். அந்த நிறுவனத்தோடுதான் செய்வதென்றால் மூன்று வரிகளை ஒப்பந்தத்தில் சேர்க்கக் கேட்குமாறு எழுதிக் கொடுத்தேன். முகவரி கடைக்காரரின் பெயரில் பதியப்படும். பார்வையாளர் விபரம் எவருக்கும் கொடுக்கப்படாது. ஒப்பந்தம் முடிந்தால் பக்கங்களின் முழுப் பிரதியும் ஒப்படைக்கப்படும்.

அவர் அதைப் பிரதிநிதிக்கு அனுப்பி மூன்று வாரங்களாகின்றன. விசேட கழிவு இம்மாத இறுதி வரை நீடிக்கப்பட்டிருப்பதாக ஒரு குறுந்தகவல் வந்திருக்கிறது. அந்த மூன்று வரிகளைப் பற்றி இன்னும் பதில் இல்லை.